தோள் நோகாத தோட்டா

“என்ர தோள் நோகேல்லை, தங்கச்சி. அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான்.”

சொல்லிவிட்டு இரத்தினம் நாற்காலியில் சாய்ந்தார். கொலையை நேரில் பார்த்த சாட்சியின் முகம் அவருக்கு.

யதுசா பேனாவை மூடினாள். பீலெஃபெல்ட் நகரில் துப்பறியும் நிலையம் தொடங்கி ஐந்து வருடம். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துவிட்டுக் கடற்கரையில் நீந்தியவர்கள், காப்புறுதிக்காகத் தங்கள் சைக்கிளைத் தாங்களே திருடியவர்கள் என்று எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். வலிக்கவில்லை என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் இவர்தான்.

“சார், ராங் ஃப்ளோர்,” என்றான் வருண். “டாக்டர் மேல் மாடி. ஆனா அங்கயும் வலிக்குதுன்னு சொன்னாத்தான் உள்ள விடுவாங்க.”

வருண் திருச்சிக்காரன். டிரெஸ்டனில் உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும் வரை என்று யதுசாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் நல்ல வேலை கிடைக்கவில்லை. வாய்க்கு மட்டும் ஓயாமல் வேலை.

“முதல்ல இருந்து சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் யதுசா.

இரத்தினத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மூன்று வருடத்துக்கு முன் வேட்டைக்காரர் பரீட்சை எழுதித் தேறினார். தோட்டா நிரப்புவதற்கும் தனியாக ஒரு பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரம் வாங்கி, வீட்டு நிலக்கீழ் அறையில் தன் தோட்டாக்களைத் தானே செய்கிறார். டொய்ட்டோபுர்க் காட்டில் வேட்டையாடும் ஒரு குழுவில் அவர் ஏழாவது ஆள். அதில் ஒரே தமிழரும் அவர்தான்.

“எங்கட தலைவர் ஹெர் ஷ்ட்ரோட்மான். அவற்ற சட்டம் ஒண்டே ஒண்டு. ஒன்பது புள்ளி மூண்டுக்குக் கீழ சுடுறவன் ஆம்பிளை இல்லை.”

“ஒன்பது புள்ளி மூணுன்னா?” என்றான் வருண்.

“குண்டின்ர விட்டம், தம்பி. மில்லிமீட்டர். ஆபிரிக்காவில எருமை அடிக்கிறதுக்கெண்டு செய்த தோட்டா.”

“இங்க எருமை இருக்கா சார்?”

“பன்றி இருக்கு.” இரத்தினத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. “மானும் இருக்கு. சின்ன மான்.”

“தோளுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ,” என்றாள் யதுசா.

“சனிக்கிழமை சுட்டுப்போட்டு வந்தா தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திடும். ஞாயிறு சட்டை போட ஏலாது. திங்கள் கையைத் தூக்க ஏலாது. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துகொண்டிருந்தது. மூண்டு கிழமைக்கு முதல் நிண்டுபோச்சு! சுடுறன், சத்தம் வருது, தோளில ஆரோ தட்டிக் குடுத்த மாதிரி இருக்கு. நோவும் இல்லை, கண்டலும் இல்லை. அதைவிடப் பயங்கரம் என்னெண்டா...” அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேசைக்கு மேலே குனிந்தார். “பன்றி விழுகுது.”

“முந்தி விழுறேல்லையோ?”

“ரெண்டு வருசத்தில நான் விழுத்தினது ஒரு மரக்கொப்பு. இப்ப மூண்டு சனிக்கிழமை, மூண்டு வெடி, மூண்டு பன்றி. தங்கச்சி, அது நான் இல்லை. ஆரோ ஒளிச்சு நிண்டு எனக்குப் பதிலா சுடுகினம். என்ர துவக்கில வெறும் சத்தம்தான் வருது. என்னைப் பகிடி பண்ணுகினம்.”

வருகிற சனிக்கிழமை அந்த வருடத்தின் கடைசிப் பெரிய வேட்டை. இரத்தினத்தை நிரந்தர உறுப்பினராக எடுப்பதா என்று அன்றுதான் குழு முடிவு செய்யும். மூன்று பன்றிகளும் தன்னுடையவை அல்ல என்று அன்று வெளியே வந்தால், அந்தக் காட்டுக்குள் மறுபடி முகம் காட்ட முடியாது என்றார். சொல்லும்போது அவர் விரல்கள் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தன.

“தோட்டா கொண்டு வந்தனீங்களோ?”

பூட்டிய சிறு பெட்டியைத் திறந்தார். “இது போன வருசம் செய்தது. அஞ்சு ரவை மிச்சம். இது இப்ப பாவிக்கிறது. இருபது ரவை.”

“இருபது ரவையை வச்சு எறும்புக்குக்கூட உப்புமா கிண்ட முடியாதே சார்.”

“ரவை எண்டா தோட்டா, தம்பி.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் சார். காலைல சாப்பிடல, அதான்.”

யதுசா கடிதம் நிறுக்கும் சின்னத் தராசை இழுத்து வைத்தாள். பழைய தோட்டா ஒன்று, புதிய தோட்டா ஒன்று. பிறகு இன்னொரு சோடி. மூன்றாம் முறையும் முள் அதையே சொன்னது. புதியது நான்கு கிராம் குறைவு.

“அண்ணை, உங்கட தோட்டாவை ஆரோ பிரிச்சு, வெடிமருந்தைக் குறைச்சு, பாரம் குறைஞ்ச குண்டு வைச்சுத் திரும்ப மூடியிருக்கினம்.”

இரத்தினத்தின் முகத்தில் இரத்தம் வற்றியது. “அப்ப உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாமலே கன்னத்தில அணைச்சுச் சுட்டிருக்கிறன்...”

“இனி இதில ஒண்டையும் சுடவேண்டாம்.”

அவள் இரண்டு தோட்டாக்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழையதன் பித்தளை மங்கலாக, பழைய சில்லறை போல இருந்தது. புதியது வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு போலத் தகதகத்தது. அதன் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஓடும் பள்ளத்தில் மயிரளவு பழுப்பாக ஏதோ. ஊசி முனையால் நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். ஒரு தும்பு.

வருண் அதைத் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனான். யதுசா அவன் கையில் ஓர் அடி போட்டாள்.

“ஈயம் இருக்கும்!”

“நக்காமலே சொல்றேன் மேடம். இது புளி.”

“நீங்கள் தோட்டாக் கூடு எப்பிடிக் கழுவுறனீங்கள் அண்ணை?”

“அதுக்கு மெசின் இருக்கு. வாதுமைக் கோதுத் தூளைப் போட்டுக் குலுக்கும். புளி எல்லாம் இல்லை.”

“பித்தளையைக் கண்டா புளி தேடுற ஆள் உங்கட வீட்டில ஆர் இருக்கினம்?”

“மனிசி மட்டும்தான். ஆனா தேவமலர் துவக்கெண்டாலே நடுங்குவா. அதோட இரும்புப் பெட்டிக்கு எண் பூட்டு. எண் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“கலியாண நாளோ?”

இரத்தினத்தின் காது சிவந்தது.

* * *

தேவமலர் ஆஸ்பத்திரியின் இருதயப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாகத் தாதி. மதிய இடைவேளையில் சாப்பாட்டு அறையின் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். யதுசா தன்னையும் வருணையும் அறிமுகம் செய்துவிட்டு, தாளில் சுற்றிய தும்பை மேசையில் விரித்தாள்.

“அக்கா, பித்தளையை நல்லா விளக்கியிருக்கிறீங்கள். ஆனா ஒழுங்கா அலம்பேல்லை.”

தேவமலர் தும்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து கண் கலங்கியது.

“என்னைப் பிடிக்கச் சொல்லி அவரே ஆள் வைச்சிருக்கிறாரோ?”

“ஆர் எண்டு அவருக்குத் தெரியாது.”

“அவருக்கு ஒண்டுமே தெரியாது. எனக்கு ஒண்டுமே தெரியாது எண்டு வேற நினைச்சுக்கொண்டிருக்கிறார்.” முட்கரண்டியைத் தட்டில் வைத்தார். “செப்டெம்பரில நாலு நாள் பாரிசுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டவர். திரும்பி வந்து ஒரு மாதம் இடது கையைத் தோளுக்கு மேல தூக்கேல்லை. நித்திரைக்கும் சட்டை கழட்டேல்லை. தங்கச்சி, நான் இருதயப் பகுதியில நிக்கிறன். ஒரு நாளைக்கு நாலு பேரை அப்பிடிப் பார்க்கிறன்.”

“பேஸ்மேக்கரா?” என்றான் வருண்.

“ஓம். நெஞ்சைத் தட்டி எழுப்புற பெட்டி. இடது காறை எலும்புக்குக் கீழ வைச்சிருக்கினம். வேற ஊர் ஆஸ்பத்திரியில களவா வைச்சுக்கொண்டு வந்திருக்கிறார்.”

“ஹார்ட் வார்டு நர்ஸ்கிட்ட இருந்து ஹார்ட்டை ஒளிச்சு வச்ச ஒரே மனுஷன் இவராத்தான் இருப்பார்.”

யதுசா சிரிக்கவில்லை. அலுவலகத்தில் இரத்தினம் பெட்டியை எந்தக் கையால் திறந்தார் என்று அவள் யோசித்தாள். “அண்ணை இடது கைக்காரர்.”

“இடது தோளிலதான் துவக்கை வைப்பார். ஒக்டோபரில வேட்டைக்குப் போய்த் தோள் கறுத்து வந்தார். நித்திரையில சட்டையை விலக்கிப் பார்த்தன். அந்தக் கறுப்புக்கும் பெட்டிக்கும் இடையில ரெண்டு விரல்தான் இருந்தது. உள்ள போற வயர் ஒண்டு அறுந்தா...”

“நேர கேட்டிருக்கலாமே அக்கா?”

“கேட்டா வேட்டையை விட்டிடுவார்.”

“நல்லதுதானே?”

“விட்டா சனிக்கிழமை முழுக்க வீட்டில இருப்பார்.”

“நியாயமான பயம்தான்,” என்றான் வருண்.

தேவமலர் கையைத் துடைத்துக்கொண்டார். “பகிடியை விடுங்கோ. பத்தொன்பது வயசில துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவர். இஞ்ச வந்தும் கன வருசமா, கார் டயர் வெடிச்சாலும் மேசைக்குக் கீழ போயிடுவார். இப்ப தன்ர கையால தோட்டா செய்து, தன்ர கையால துவக்கைப் பிடிச்சு, நடுங்காமல் நிக்கிறார். காட்டால வாற அண்டைக்கு அந்த முகத்தில ஒரு வெளிச்சம் இருக்கும். அதை எப்பிடிப் பறிக்கிறது?”

யதுசா தும்பைத் திரும்பவும் தாளில் சுற்றினாள்.

“இரும்புப் பெட்டியை எப்பிடித் திறந்தனீங்கள்?”

“கலியாண நாள். அவருக்கு ஞாபகம் நிக்காதெண்டு கலியாணப் பட அல்பத்தில துண்டு எழுதி ஒட்டி வைச்சிருக்கிறார்.”

“மருந்து அளந்தது?”

“நான் அளக்கிறது குடிக்கிற மருந்து. வெடிமருந்து எனக்குத் தெரியாது. அனுமதி உள்ள ஒருத்தர் செய்து தாறார். பேர் கேக்காதேங்கோ. சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன்.”

“அவருக்கு இந்த நெஞ்சு விசயம் தெரியுமோ?”

“இல்லை. தோள் நோ எண்டுதான் சொன்னனான்.”

யதுசா எழுந்து நின்றுவிட்டாள். “அப்ப அவர் தோளுக்குத்தான் அளந்திருக்கிறார் அக்கா. நெஞ்சுக்கு இல்லை.”

தேவமலர் தலையைக் குனிந்தார். “எவ்வளவு குறைச்சாலும் அந்தப் பக்கம் வைச்சுச் சுடக்கூடாது. எனக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் போனைக் கையில வைச்சுக்கொண்டே இருக்கிறன்.”

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. புளி ஆர் போட்டது?”

“முதல்தரம் பித்தளையை நான் விளக்கிக் குடுத்தன். அந்த மனிசனுக்குப் பளபளப்பு நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஒரு கட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்.”

வெளியே வந்ததும் வருண் கழுத்துத் துணியை இறுக்கினான். “எத்தனை வருஷமா ஒரு கொலை முயற்சி கேஸுக்குக் காத்திருந்தோம். கடைசில வந்தது உயிரைக் காப்பாத்துற முயற்சி. குற்றவாளியைப் பிடிச்சு மாலை போடணுமா மேடம்?”

“பிடிக்கவேணும். சனிக்கிழமைக்கு முதல் பிடிக்கவேணும். அண்ணையின்ர குழுவில எந்த ஜெர்மன்காரற்ற பட்டறையில புளி இருக்கெண்டு பார்.”

* * *

வேட்டைக் குழுவில் மற்ற ஆறு பேர். தலைவரிடம் இருந்து தொடங்குவது என்று வியாழக்கிழமை காலை ஷ்ட்ரோட்மானின் பண்ணைக்குப் போனார்கள். படலையிலேயே எட்டு மான் கொம்புகள்.

ஷ்ட்ரோட்மானுக்கு அறுபத்தெட்டு வயது. வாசல் நிலைக்குள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய உடம்பு. இரத்தினத்தை உறுப்பினராக்குவது பற்றிச் சில கேள்விகள் என்று யதுசா ஜெர்மனில் சொன்னதும் மலர்ந்துவிட்டார்.

“நல்ல மனிதர்! உண்மையான ஒன்பது புள்ளி மூன்று மனிதர்! முதல் வருடம் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது பாருங்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.” காப்பியை ஊற்றிவிட்டு முனகியபடி தன் தோளைத் தடவினார். “எனக்குத்தான் வயதாகிறது. போன சனிக்கிழமை சுட்டது இன்னும் எரிகிறது. ஆனால் அருமையான வலி! ஆண்களுக்கான வலி!”

“கழிவறை எங்கே இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு வருண் எழுந்து போனான். போன திசையில் கழிவறை இல்லை.

யதுசா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். துப்பாக்கியோடு ஷ்ட்ரோட்மான், காலடியில் ஒரு பன்றி.

“நீங்கள் எந்தத் தோளில் சுடுவீர்கள், ஹெர் ஷ்ட்ரோட்மான்?”

“வலது! எப்போதும் வலது!”

“தடவுவது இடது.”

அவர் கை அப்படியே நின்றது. மெல்ல இறங்கியது. வலது தோளுக்கு ஏறியது. அங்கேயும் அதற்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

அதே நேரம் முற்றத்துக்கு அப்பாலிருந்த கொட்டகையில் இருந்து வருணின் குரல் வந்தது.

“மேடம்! ரசம்!”

கொட்டகைக்குள் நீண்ட மரமேசை. தோட்டா அழுத்தும் இயந்திரம், துல்லியமான தராசு, வரிசையாக வெடிமருந்து டின்கள். அவற்றுக்கு நடுவில், பீலெஃபெல்ட் தமிழ்க் கடையின் விலைச்சீட்டோடு பாதி கரைந்த புளிக் கட்டி ஒன்று. வருண் அதைப் பச்சிளங் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்தி நின்றான்.

“அது... குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பு,” என்றார் ஷ்ட்ரோட்மான்.

“இந்த சோப்பில் நாங்கள் சோறு சாப்பிடுவோம்,” என்றான் வருண், தன் டிரெஸ்டன் ஜெர்மனில்.

ஷ்ட்ரோட்மான் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தார்.

“அந்த அம்மா வந்து கேட்டார். கணவருக்குத் தோள் வலி, சொன்னால் கேட்கமாட்டார் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அடுத்தவன் தோட்டாவில் கை வைப்பது பெரிய குற்றம். அதிகாரிகளுக்குத் தெரிந்தால் என் அனுமதியைப் பறிப்பார்கள், பறிக்கவும் வேண்டும். ஆனாலும் செய்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுத்தேன். கிட்டத்தில் வரும் பன்றிக்கு அந்த வேகம் போதும், அதையும் சோதித்துப் பார்த்தேன்.”

“அப்படியானால் இது என்ன?” என்று கேட்டாள் யதுசா.

மேசைக்குக் கீழே மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எழுதிய ஒரு பெயர். வருண் குனிந்து எண்ணினான்.

“ஏழு.”

ஷ்ட்ரோட்மான் கண்ணை மூடிக்கொண்டார். “பல்வைத்தியர் நான்கு வருடத்துக்கு முன் வந்தார். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார். கூரை வேலைக்காரரின் மனைவி வந்தார், கணவருக்கே தெரியக்கூடாது என்றார். பாதிரியார் தானாக வந்து, பாவமன்னிப்புக் கேட்பதுபோல் கேட்டார். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

“ஏழாவது பெட்டி?”

“என்னுடையது. பதினொரு வருடமாக.” மூக்கை உறிஞ்சினார். “என் காட்டில் முழு ஒன்பது புள்ளி மூன்று கடைசியாக வெடித்தது எப்போது தெரியுமா? இரத்தினத்தின் கையில். இந்த வருடம் ஒக்டோபரில். உங்கள் ஆள் ஒருவர்தான் உண்மையாகவே அடி வாங்கிக்கொண்டிருந்தார்.”

வருண் புளிக் கட்டியை மெல்ல மேசையில் வைத்தான்.

ஷ்ட்ரோட்மான் எழுந்து, சுவரில் பொருத்தியிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து மெலிந்த துப்பாக்கி ஒன்றை எடுத்தார். “ஏழு–ஐம்பத்தேழு. குண்டின் விட்டம் ஏழு மில்லிமீட்டர், கூட்டின் நீளம் ஐம்பத்தேழு. நூற்றுமுப்பது வருடமாக இருக்கும் தோட்டா. தோளில் விழும் உதை மென்மை. பன்றிக்குப் போதும், மானுக்கு மிச்சம். தானே தோட்டா நிரப்புகிறவன் தோளுக்கும் தூரத்துக்கும் ஏற்றமாதிரி அளந்துகொள்ளலாம். புத்தியுள்ளவன் இதைத்தான் எடுப்பான்.”

“நீங்கள் ஏன் எடுக்கவில்லை?”

“இருபது வருடத்துக்கு முன் ஒரு பியர் விருந்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.”

யதுசா ஒரு கணம் தயங்கினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. தேவமலருக்கு அழைத்து, கைப்பேசியை ஷ்ட்ரோட்மானிடம் கொடுத்தாள். தேவமலர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஷ்ட்ரோட்மானின் கன்னத்துச் சிவப்பு, மேலிருந்து கீழாக, யாரோ துடைத்து எடுத்ததுபோல் மறைவது மட்டும் தெரிந்தது.

“இடது பக்கமா?” என்றார் கடைசியில், உள்ளே போன குரலில். “நான் தோளுக்கு அல்லவா அளந்தேன்...”

* * *

சனிக்கிழமை காலை எட்டரை மணி. காட்டு விளிம்பில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. ஏழு துப்பாக்கிகளும் வழக்கப்படி வெறுமையாக, வாய் திறந்தபடி மரத் தாங்கியில் சாய்ந்திருந்தன. மடக்கு மேசையில் பட்டாணிச் சூப், பெரிய சட்டி நிறைய உருளைக்கிழங்குச் சாலட். மனைவிமாரும் வந்திருந்தார்கள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தேவமலர் முதல் தடவையாக வந்திருந்தார். இரத்தினம் அவரைப் பார்த்துக் குழம்பி, யதுசாவைப் பார்த்து இன்னும் குழம்பினார்.

வேட்டை தொடங்கும் கொம்பு ஊதி முடிந்தது. ஷ்ட்ரோட்மான் முன்னால் வந்தார். காரின் பின்பக்கத்தில் இருந்து மரப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, பெயர் தெரியும்படி மேசையில் அடுக்கினார். ஏழாவதை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“நான் ஒரு பொய்யன்,” என்றார். “நீங்களும்தான்.”

பல்வைத்தியர் தன் பெயரைக் கண்டார். பக்கத்தில் பாதிரியாரின் பெயரைக் கண்டார். “நீங்களுமா?” என்றார். பாதிரியார் காலணியைப் பார்த்தார். கூரை வேலைக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். மனைவி காதில் ஏதோ சொன்னதும் சிரிப்பு அந்தரத்தில் நின்றது. பத்து நிமிடம் அந்தக் காட்டில் பறவைக்குக்கூடப் பேச இடம் கிடைக்கவில்லை. யார் எப்போது தொடங்கினார், யார் யாரைக் கேலி செய்தார், போன வருடம் கையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தது நடிப்பா என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

இரத்தினம் தன் பெட்டியின் முன்னால் அசையாமல் நின்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

“நீரோ?”

“ஓம்.”

“ஏன்?”

தேவமலர் விரலை நீட்டி, அவர் மேற்சட்டையின் இடது பக்கத்தில், காறை எலும்புக்குக் கீழே மெல்ல வைத்தார்.

இரத்தினம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். “நான் பாரிசுக்குப் போகேல்லை.”

“தெரியும். பாரிசுக்குப் போன மனிசன் ஒரு சொக்கிலேற் கூட வாங்காமல் வருவாரோ?”

“வேட்டைக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லுவீர் எண்டு பயந்தன்.”

“போகவேண்டாம் எண்டு நான் எப்பவாவது சொன்னனோ? உயிரோட திரும்பி வரவேணும் எண்டுதான் நினைச்சன்.”

திடீரென்று ஏதோ உறைத்ததுபோல் அவர் யதுசாவிடம் திரும்பினார்.

“அப்ப... அந்த மூண்டு பன்றியும்?”

“நீங்கள்தான் அடிச்சது அண்ணை. ஒருத்தரும் ஒளிச்சு நிக்கேல்லை. ரெண்டு வருசமா உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டீங்கள். உதை குறைஞ்சதும் உங்களை அறியாமலே கண்ணைத் திறந்து வைச்சுச் சுட்டிருக்கிறீங்கள். அவ்வளவுதான்.”

“மூண்டும்?”

“மூண்டும்.”

இரத்தினம் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஷ்ட்ரோட்மான் அந்த மெலிந்த ஏழு–ஐம்பத்தேழைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். “இன்று இல்லை. உங்கள் வைத்தியர் சரி என்ற பிறகு, வலது தோளில். முதலில் என் வைக்கோற்போரைச் சுட்டுப் பழகுங்கள். அதற்கான தோட்டாவை நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன். இனி அடுத்தவர் தோட்டாவை நான் தொடமாட்டேன். செய்ததைத் திங்கட்கிழமை அதிகாரியிடம் நானே போய்ச் சொல்வேன்.” கூட்டத்தைப் பார்த்து உறுமினார். “இவரை உறுப்பினராக எடுப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!”

ஆறு கைகள் உயர்ந்தன. பக்கத்தில் நின்ற மனைவிமாரின் கைகளும் உயர்ந்தன.

அப்போதுதான் புதர் விலகியது.

பெரிய பெண் பன்றி. அதன் பின்னால் ஐந்து குட்டிகள். நேராக மேசையை நோக்கி நடந்து வந்தன, முன்கூட்டியே இடம் சொல்லிவைத்தவர்கள்போல.

“யாரும் தோட்டாவைத் தொடாதீர்கள்!” என்று ஷ்ட்ரோட்மான் கத்தினார். “ஆட்கள் நிற்கிறார்கள்!”

யாரும் தொடவில்லை. தொடும் நிலையில் யாரும் இல்லை. பாதிரியார் ஒரு காரின் முன்மூடிமேல் முழங்காலில் இருந்தார். பல்வைத்தியர் மனைவிக்குப் பின்னால் நின்றார். வருண் ஏற்கெனவே அடுத்த காரின் கூரைமேல். “மேடம், மேல வாங்க! இது ஃபீல்டு ஒர்க்! நம்ம காண்ட்ராக்ட்ல இல்ல!”

பன்றி மேசைக் காலை ஒரு முட்டு முட்டியது. சாலட் சட்டி கவிழ்ந்தது. ஆறு மூக்குகளும் உருளைக்கிழங்குக்குள் இறங்கின. எண்பதுக்கும் மேற்பட்ட பன்றிகளை வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்ட ஏழு வேட்டைக்காரர்களின் முன்னால் அவை அவசரமில்லாமல் சாப்பிட்டன. கடுகுச் சாந்து பட்ட இடத்தில் தாய் ஒருமுறை தும்மியது. பிறகு குட்டிகளை ஓட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

இரத்தினம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தேவமலர் அவர் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, மற்றக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுபத்திரண்டு,” என்றார். “இஞ்ச நிக்கிற ஆம்பிளையளில உங்களுக்குத்தான் நெஞ்சு ஒழுங்கா அடிக்குது.”

யதுசா அதை ஜெர்மனில் சத்தமாகச் சொன்னாள்.

ஷ்ட்ரோட்மான் மெல்ல நடந்து வந்தார். கையுறையைக் கழற்றி, மணிக்கட்டைத் தேவமலரிடம் நீட்டினார். காரின் முன்மூடியிலிருந்து இறங்கிய பாதிரியார் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். பல்வைத்தியர் கைச்சட்டையைச் சுருட்டத் தொடங்கினார். கூரை வேலைக்காரர் அவரை முந்தப் பார்த்தார்.

“தள்ளுப்படாதேங்கோ, வரிசையா நில்லுங்கோ,” என்றார் தேவமலர், தமிழில்.

நின்றார்கள்.